காயில் ஏன் போச்சு என்று பாருங்கள்

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் ஓடும் சின்னக் கார்களுக்கு வரும் ஒரு கோளாறுக்கு நேரம் காலம் உண்டு. காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் தெரியாது. மதியம் ஏசி போட்டுக்கொண்டு கிரீன் சர்க்கிளில் ஊர்ந்து, காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏற ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி குலுங்கும். பிக்கப் இருக்காது. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியும். ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடியும் ஒழுங்காக ஓடும். சூட்டில் வந்து ஆறினால் மறைகிற இந்த மிஸ் அடித்தலை (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவதை) பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயிலை.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரு காயிலுக்கு 10 எம்எம் தலை போல்ட் ஒன்று, வயரை மாட்டும் கப்ளர் ஒன்று, அவ்வளவுதான். மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் கப்பா போன்ற எஞ்சின்களில் காயில்கள் மேலேயே வரிசையாகத் தெரியும். முதல் தடவை செய்பவருக்கும் ஒரு மணி நேரம் தாராளம். ஆனால் காயில் தானாகச் சாவது குறைவு. தேய்ந்த பிளக், பிளக் உட்காரும் குழிக்குள் இறங்கிய ஆயில், வாட்டர் வாஷ் தண்ணீர், எலி கடித்த வயர், இவற்றில் ஒன்று அதைக் கொன்றிருக்கும். அதைப் பார்க்காமல் புதுக் காயிலைச் சொருகினால், அடுத்த கோடையில் அதே சிலிண்டருக்கு அதே செலவு.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. பேட்டரியின் 12 வோல்ட் ஓடும் முதல் சுற்றில் கம்பி தடிமன், சுற்றுகள் குறைவு. இரண்டாவதில் முடி போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். முதல் சுற்றின் மின்சாரத்தை எஞ்சின் கம்ப்யூட்டர் சட்டென்று வெட்டும்போது இரண்டாவது சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. எத்தனை வோல்ட் எழும் என்பதைத் தீர்மானிப்பது காயில் இல்லை, பிளக்கின் இடைவெளியும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமும்தான். இடைவெளி தேய்ந்து 1 மில்லிமீட்டர் 1.4 ஆகிவிட்டால் அதைத் தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஏறும்போது சிலிண்டர் அழுத்தமும் கூடும், தேவை இன்னும் ஏறும். அந்த வோல்ட் பிளக்கைத் தாண்ட முடியாவிட்டால் வேறு வழி தேடும்: காயிலிலிருந்து பிளக்கின் மேல் இறங்கும் ரப்பர் உறையான 'பூட்'டைத் துளைத்து எஞ்சின் தலைக்குப் போகும், அல்லது காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனை உடைக்கும். காயிலை நிரப்பியிருக்கும் எபாக்ஸி பிசின் வருடக்கணக்காகச் சூடேறி ஆறி மெல்லிய விரிசல் விட்டிருந்தால் அந்த வழி சுலபம். மேடு ஏறும்போது அட்டகாசம் செய்யும் காயில், ஐட்லிங்கில் சாதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரலாம். விட்டு விட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அதற்கு அர்த்தம். உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பீங்கான் உருகிவிட்டால், அதற்கு ஆகும் செலவில் எல்லாக் காயில்களையும் பல முறை மாற்றலாம். ஆம்பூர் தாண்டி ஹைவேயில் இப்படி ஆனால் ஓரம் கட்டி, ஆறவைத்து, டோ செய்து வருவதே லாபம்.

எந்தச் சிலிண்டர் என்பதைக் காதால் கண்டுபிடிக்க முயல வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கோளாறைச் சொல்லும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் ஸ்கேனரைச் சொருகினால் போன் சொல்லிவிடும். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு எரர் கோட் வந்தால், கடைசி எண் சொல்லும் சிலிண்டரில் மிஸ். பொதுவாக எஞ்சின் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருப்பது 1. பி0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி மிஸ்; அதற்குக் காயிலை மாற்றக் கிளம்பாதீர்கள், பெட்ரோல் பிரஷர், காற்று லீக், எல்லாப் பிளக்கும் ஒன்றாகத் தேய்ந்திருப்பது, இவைதான் பெரும்பாலும் காரணம். பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தக் காயிலின் மின்சுற்றில் குறை. அப்போது காயிலை விட வயரையும் கப்ளரையும் முதலில் பாருங்கள். போர்ட்டிகோவில் நிற்கும் வண்டியில் இரவு சூடான எஞ்சின் மேல் எலி ஏறுவது வேலூரில் எந்தத் தெருவிலும் நடப்பதுதான். காயிலுக்குப் போகும் வயரை அது அரை அங்குலம் உரித்துவிட்டிருந்தால், எத்தனை புதுக் காயில் போட்டாலும் எரர் கோட் போகாது.

சிலிண்டர் தெரிந்ததும் காசு செலவழிக்காத சோதனை ஒன்று இருக்கிறது. 2-ல் மிஸ் என்றால், 2-ன் காயிலை 4-க்கும் 4-ன் காயிலை 2-க்கும் மாற்றிப் போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது. ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு, பைபாஸில் பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புங்கள். ஏசி போட்டு, நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து இழுக்க வேண்டும். சும்மா வீதியைச் சுற்றி வந்தால் காயில் சூடாகாது, சோதனையும் ஆகாது. லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பித்ததும் சோதனை முடிந்தது, ஓரம் கட்டிவிடுங்கள். இப்போது பி0304 வந்தால் மிஸ் காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான். 0302-லேயே நின்றால் காயில் நிரபராதி. பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன்.

மல்டிமீட்டரை நம்பிக் காயிலுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. கப்ளரில் 2 பின் இருக்கும் காயிலில் முதல் சுற்றை அளக்கலாம். பொதுவாக ஒரு ஓம் அளவிலேயே இருக்கும், மற்ற சிலிண்டரின் காயிலோடு ஒப்பிட்டால் போதும். 3 அல்லது 4 பின் இருந்தால் பெரும்பாலும் உள்ளே டிரான்சிஸ்டர் சேர்ந்த சர்க்யூட் இருக்கும், அப்போது ஓம் அளவு எதையும் சொல்லாது. எந்த வகையானாலும், சூட்டில் மட்டும் விரியும் விரிசல் குளிர்ந்த காயிலில் மீட்டருக்குத் தெரியாது. எஞ்சின் ஓடும்போதே காயிலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வோல்ட் கையில் அடித்தால் ஆபத்து, போக வழி இல்லாத பொறி காயிலையும் கம்ப்யூட்டரையும் கெடுக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடும் எஞ்சினின் காயில் பக்கமே போகக்கூடாது.

ஸ்பேர்ஸ் கடைக்குப் பழைய காயிலையும் ஆர்சியின் போட்டோவையும் எடுத்துப் போங்கள். ஒரே மாடல் காரிலேயே வருடம் மாறினால் எஞ்சினும் கப்ளரும் மாறியிருக்கும். சேசிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரை எடுத்துவிட்டால் வம்பு இல்லை. பின்களின் எண்ணிக்கை, கப்ளரின் வடிவம், ரப்பர் பூட்டின் நீளம் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். போலிக் காயிலைக் கையில் எடுத்தாலே பெரும்பாலும் ஒரு வித்தியாசம் தெரியும்: எடை குறைவாக இருக்கும், பிளாஸ்டிக் ஓரங்களில் பிசிறு இருக்கும். காயிலில் மலிவு பார்க்க வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒன்று போனால் ஒன்றை மாற்றினால் போதும். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில், சில மாதத்துக்குள் இரண்டாவதும் போனால் மட்டும் மீதியையும் சேர்த்து மாற்றலாம். பிளக் விஷயம் வேறு. அதை எப்போதும் செட்டாக, கையேட்டில் போட்டிருக்கும் நம்பரிலேயே மாற்றுங்கள்.

கருவிகள்: 10 எம்எம் சாக்கெட், ராட்செட், ஆறு முதல் பத்து அங்குல எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 16 எம்எம் பிளக் சாக்கெட்; சில புதிய எஞ்சின்களுக்கு 14. இவற்றோடு பிளக் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், நோஸ் பிளையர், டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், ஒரு அடி நீள பெட்ரோல் ஹோஸ், பஞ்சுத் துணி, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு சின்ன ட்யூப். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது.

வேலையை விடியற்காலையில் வையுங்கள். எஞ்சின் தலை அலுமினியம். அது சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை பிய்த்துக்கொண்டு வரும். மே மாதத்தில் சாயங்காலம் நிறுத்திய எஞ்சின் ராத்திரி முழுக்க நின்றால் நன்றாக ஆறிவிடும். முதலில் பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றுங்கள். மேல் மூடியை, சில வண்டிகளில் தலைமேலே உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியை, எடுத்துவிட்டால் காயில்கள் தெரியும். ஏர் ஃபில்டர் குழாய் கழன்ற வாயில் துணியைச் சொருகுங்கள். அதற்குள் ஒரு போல்ட் விழுந்துவிட்டால் அது வேறு கதை.

கப்ளரில்தான் பலர் தவறுவார்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பூட்டு அப்பளம் மாதிரி நொறுங்கும். இழுத்துக்கொண்டே பூட்டை அழுத்தாதீர்கள். முதலில் கப்ளரைக் காயில் பக்கமாக உள்ளே தள்ளுங்கள், பூட்டின் மேல் இருந்த அழுத்தம் போகும். பிறகு கட்டைவிரலால் பூட்டை அழுத்தியபடியே கப்ளரின் உடம்பைப் பிடித்து வெளியே எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பூட்டு உடைந்துவிட்டாலும் காயில் வேலை செய்யும், ஆனால் மேட்டுப் பள்ளத்தில் கப்ளர் நழுவும்; வயரோடு வரும் புதுக் கப்ளரை வாங்கி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு முடிக்க வேண்டும். எலி கடித்த வயருக்கும் இதே வைத்தியம்தான். முறுக்கி டேப் சுற்றி விடுவது போதாது.

போல்ட்டைக் கழற்றியதும் காயிலை நேராக மேலே இழுக்காதீர்கள். பூட் ரப்பர் பிளக்கின் பீங்கானில் கவ்விக்கொண்டிருக்கும். இடமும் வலமும் கால் சுற்று திருப்பி, அந்தக் கவ்வல் விட்ட பிறகு நேராக எடுங்கள். சாய்த்தால் பூட் கிழிந்து பாதி குழிக்குள்ளேயே நின்றுவிடும்.

இனிமேல் அவசரப்படாதீர்கள். வெளியே வந்த காயிலை ரப்பர் பூட்டோடு வெளிச்சத்தில் பிடித்து, ரப்பரின் வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஒரு ஊசிக்குத்து அளவில் வெள்ளைச் சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால், பொறி அந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு எஞ்சினுக்குப் போயிருக்கிறது. பூட்டின் உள்ளே, வசந்த கால இலையின் நரம்பு மாதிரி மெல்லிய கருப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தால், அது கரியால் ஆன மின்பாதை. அதே கோட்டைப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் பென்சிலால் கிழித்தது போலப் பார்ப்பீர்கள். இந்தக் கோடு உள்ள பூட்டைப் புதுப் பிளக்கின் மேல் போட்டாலும், கோடு உள்ள பிளக்கின் மேல் புதுக் காயிலைப் போட்டாலும், பொறி பழைய பாதையிலேயே ஓடிப் புதியதையும் கெடுக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்வது இதனால்தான். பீங்கான் இரும்பில் இறங்கும் இடத்தைச் சுற்றிப் பழுப்பு நிற வளையம் இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். உயர் வோல்ட்டைச் சுற்றி ஆயில் துகள் படிந்த கறை அது, கம்ப்ரஷன் லீக் இல்லை.

அடுத்தது குழி. டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டின் நுனி எண்ணெய் பட்டு ஊதிப் பொதபொதவென்று இருந்து, குழிக்குள் ஆயில் பளபளத்தால், எஞ்சின் தலையை மூடும் டேப்பெட் கவரின் பிளக் குழாய் சீல் போய்விட்டது. நீளமான ஸ்க்ரூ டிரைவரில் துணியைச் சுற்றி அந்த ஆயிலை முழுக்க ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். இல்லையென்றால் எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும். இது தற்காலிகம். சீலை மாற்றாமல் விட்டால் புது பூட்டும் ஊதும். சில எஞ்சின்களில் சீல் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் கவரோடுதான் வரும். துருவும் வெள்ளைப் படிவும் இருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. சர்வீஸ் ஸ்டேஷனில் பானெட்டைத் திறந்து பிரஷர் வாஷ் அடித்தால் காயிலைச் சுற்றி இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. எஞ்சினுக்கு வாட்டர் வாஷ் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது நல்லது. பாலாற்றுக் காற்றில் பறக்கும் மணலும் குவாரி லாரிகளின் தூசியும் குழியின் அடியில் படிந்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பம்ப்பால் ஊதி வெளியேற்றுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு ஊதினால் அந்த மணல் சிலிண்டருக்குள்தான் போகும்.

பிளக் இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி, அப்படியே ஆட்டி ஆட்டி எடுங்கள். வெளியே வந்த பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். மிஸ் அடித்த சிலிண்டரின் பிளக் கருத்து பெட்ரோல் நனைந்து வரும். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், எது காயிலைக் கொன்றது என்பதற்கு அந்த எண் சாட்சி. என்ஜிகே பிராண்ட் பிளக்கின் நம்பர் 10 என்று முடிந்தால் கம்பெனி இடைவெளி 1.0, 11 என்று முடிந்தால் 1.1. சிஎன்ஜியில் ஓடும் வண்டியில் பொறிக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும் என்பதால் பிளக்கைச் சீக்கிரம் மாற்றுவது அவசியம், காயில் அங்கேதான் அதிகம் அடி வாங்குகிறது.

புதுப் பிளக்கை ராட்செட்டால் தொடங்காதீர்கள். அதன் பின்தலையைப் பெட்ரோல் ஹோஸின் வாயில் சொருகி, குழிக்குள் இறக்கி, விரலால் ஹோஸை உருட்டுங்கள். மரை சரியாக விழுந்தால் வெண்ணெயில் போவது போல இறங்கும். கோணலாக விழுந்தால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், மரையைப் பிய்க்காது. அடி தட்டிய பிறகு, வாஷர் உள்ள 14 எம்எம் மரைப் பிளக்குக்குப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள், கையேடு சொல்லும் அளவு. மரையில் கிரீஸோ ஆயிலோ தடவக் கூடாது, அளவுக்கு மேல் இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் மறுபடி இதே வேலை.

காயில் பூட்டின் உள் வாயைச் சுற்றி டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் வேண்டாம். நேராக இறக்கி அழுத்தினால் பிளக்கின் தலை கவ்விய உணர்வு கையில் தெரியும். போல்ட்டைச் சிறிய ராட்செட்டால் இரண்டு விரல் பலத்தில் இறுக்குங்கள், 10 நியூட்டன் மீட்டர் அளவு. பிளாஸ்டிக் டேப்பெட் கவரில் மேலும் இறுக்கினால் மரை சுற்றும். கப்ளர் 'டிக்' என்று பூட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டபின் ஒரு தடவை லேசாக இழுத்துப் பாருங்கள்.

பேட்டரியை மாட்டி, எரர் கோடை அழித்து, ஏசி இல்லாமல் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஐட்லிங் அளவைக் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தால் பதற வேண்டாம். பிறகு அதே பள்ளிகொண்டா ஓட்டம், அதே நான்காவது கியர், அதே வெயில். மிஸ் வராவிட்டால் காயில் வேலை முடிந்தது.

சில மாதத்தில் மறுபடி காயில் போனால், எந்தச் சிலிண்டர் என்பதில் விடை இருக்கிறது. அதே சிலிண்டர் என்றால் அந்தக் குழியின் ஆயில், தண்ணீர், அல்லது அதற்குப் போகும் வயர். வேறு வேறு சிலிண்டர் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் பொதுவாக 13.5 முதல் 14.8 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிப் போடுங்கள். எல்லாக் காயில்களையும் மாற்றியிருந்தால், கழற்றியவற்றில் நல்லதாக இருந்த ஒன்றைத் தூக்கி எறியாமல், பூட்டைத் துடைத்து, பாலித்தீன் கவரில் போட்டு, 10 எம்எம் ஸ்பேனரோடு சேர்த்து டிக்கியில் வையுங்கள்.